மூன்றாம் மாடிக்கு வந்த இரண்டாவது நாய்

இரண்டாவது நாய் வளர்க்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் எல்லோரும் குட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன சாப்பாடு, எப்போது ஊசி, இரவில் எங்கே படுக்க வைப்பது. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற நாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் வீட்டில் முக்கால்வாசி வேலை அவனோடுதான் இருந்தது.

அவன் பெயர் ரொக்கி. ஆறு வயது, கொழும்பு வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒன்றில் பிறந்த அசல் தெரு நாய். மனிதர்களிடம் தங்கமானவன். செக்கியூரிட்டி அண்ணாவிலிருந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிற பெடியன் வரை எல்லோருக்கும் வாலாட்டுவான். நாய்கள் என்றால் கதை வேறு. கடற்கரையோரத்து மெரைன் டிரைவில் நடக்கும்போது எதிரே ஒன்று தெரிந்தால் போதும், உடம்பு விறைத்துவிடும். இப்படிப்பட்டவன் இத்தனை வருடம் தனிக்காட்டு ராஜாவாக இருந்த மூன்றாம் மாடிப் பிளட்டுக்குள் ஒரு குட்டி வரவேண்டும் என்று தங்கச்சி ஒற்றைக்காலில் நின்றாள். தெஹிவளையில் அவளுடைய சிநேகிதி வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது.

சரி, எடுப்போம், ஆனால் பெட்டைக் குட்டிதான், அதுவும் 8 வாரம் முடிந்த பிறகுதான் என்றேன். ரொக்கிக்கு விதைநீக்கம் செய்து கனகாலம். ஆணும் பெண்ணுமாக இருந்தால் சண்டை பொதுவாகக் குறைவு. 8 வாரக் கணக்குக்கும் காரணம் உண்டு. தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் கடிபட்டு உருளுகிற நாட்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று குட்டி படிக்கிறது. அதைப் படிக்காமல் வருகிற குட்டிக்கு வாத்தியார் வேலை செய்ய ரொக்கிக்குப் பொறுமை போதாது.

குட்டி வருவதற்கு முன்பே ரொக்கியை மிருக வைத்தியரிடம் காட்டினோம். வருடாந்த ஊசியைப் போட்டுவிட்டு டொக்டர் காதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பூஞ்சணம். கொழும்புப் புழுக்கத்தில் இது அதிசயமில்லை. ஆனால் காது நோகிற நாயிடம் ஒரு குட்டியைக் கொண்டுபோய் விட்டால், அது காதைப் பிடித்து இழுக்கிற முதல் தடவையே பகை தொடங்கிவிடும். துளி மருந்து முடிந்து காது சுகமான பிறகுதான் தெஹிவளைக்கு நாள் சொன்னோம்.

அடுத்த சிக்கல் இடம். இரண்டு நாய்களை முதலில் சந்திக்க வைப்பதானால், இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் நடத்திக்கொண்டுபோக வேண்டும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் முறை. நல்ல முறைதான். தோட்டமும் புல்வெளியும் உள்ள ஊர்க்காரர்களுக்கு இன்னும் நல்லது. இங்கே அப்படிப்பட்ட இடம் என்றால் தெருதான். ஊசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. குட்டிகளை வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ், நோயுள்ள நாயின் மலத்திலிருந்து மண்ணில் சேர்ந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண சவர்க்காரத்துக்கெல்லாம் அது அசையாது. குட்டிகளுக்கான ஊசியை 6 முதல் 8 வார வயதுக்குள் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை போட வேண்டியிருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே முந்திய ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம் என்பதால்தான் இந்தத் தொடர். அதனால் 'ஒரு ஊசி போட்டாச்சு, நடக்கவிடலாம்' என்பது சரிவராது.

எங்களுக்குக் கைகொடுத்தது மொட்டை மாடி. உடுப்புக் காயப்போடவும் தண்ணீர்த் தாங்கி பார்க்கவும் மட்டுமே ஆட்கள் போகும் இடம். கட்டடத்தில் வேறு நாய் இல்லை. ரொக்கியும் அங்கே அதிகம் போனதில்லை என்பதால் 'என் இடம்' என்ற எண்ணம் அவனுக்கு இல்லை.

அதற்கு முன் வாசனை. தங்கச்சி தெஹிவளைக்கு ஒரு பழைய துவாயைக் கொண்டுபோய்க் குட்டி படுக்கும் இடத்தில் போட்டுவிட்டு, பிறகு எடுத்துவந்து விறாந்தை மூலையில் விரித்தாள். ரொக்கி முதல் நாள் அதைச் சுற்றி வந்து மூக்கைச் சுருக்கினான். அடுத்த நாள் அதன்மேலே படுத்துக்கொண்டான். இதை வைத்து அவன் சம்மதித்துவிட்டான் என்று அம்மா முடிவு கட்டினார். துவாய்க்குப் பல் இல்லை, வால் இல்லை என்று நான் சொல்லவில்லை.

குட்டி வந்தது ஒரு பின்னேரம். ரொக்கியை நீளமாக நடத்திக் களைக்க வைத்துவிட்டு நேரே மேலே கொண்டுபோனேன். தங்கச்சி குட்டியைக் கூடைக்குள் வைத்துத் தூக்கிவந்தாள். ஆளுக்கொரு கயிறு, இரண்டும் தளர்வாக. இது முக்கியம். பயத்தில் கயிற்றை இழுத்துப் பிடித்தால் அந்த இறுக்கம் நேரே நாயின் கழுத்துக்குப் போகும், அதுவும் ஏதோ ஆபத்து என்று நினைத்துக்கொள்ளும். முகத்துக்கு முகம் விடாமல், தாங்கிகளைச் சுற்றி ஒரே திசையில் நடந்தோம். முதலில் நல்ல தூரம் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட.

ரொக்கி நாக்கால் மூக்கை நக்கினான். கொட்டாவி விட்டான். பசியுமில்லை, நித்திரையுமில்லை, மனக்கலக்கம். கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தபோதெல்லாம் இன்னும் ஒரு சுற்று நடந்தோம். வால் இறங்கி, உடம்பு தளர்ந்த பிறகு பின்பக்கமாக மணக்கவிட்டேன். இரண்டு மூன்று விநாடிதான், உடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துண்டு அவித்த கோழி. திரும்ப மணந்தான், திரும்பக் கோழி.

குட்டிக்கு இந்த ராஜதந்திரம் ஒன்றும் விளங்கவில்லை. ஓடிப்போய் அவனுடைய வாயோரத்தை நக்கத் தொடங்கியது. பெரிய நாயிடம் குட்டி காட்டும் மரியாதை அதுதான். ரொக்கி உதட்டை உயர்த்தி, நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உறுமல் உறுமினான். குட்டி அப்படியே மல்லாந்து விழுந்து மூத்திரம் பெய்துவிட்டது. "ஐயோ, கொல்லப்போறான்!" என்று அம்மா படியடியிலிருந்து கத்தினார். ரொக்கி அந்த மூத்திரத்தை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். அன்றைக்கு அவ்வளவு போதும் என்று கீழே இறங்கினோம்.

டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "அவன் உறுமினால் ஏசாதீங்கோ. கிட்ட வராதே எண்டு சொல்லுறான், அவ்வளவுதான். ஏசி ஏசி உறுமலை நிப்பாட்டினால், பிறகு சொல்லாமலே கடிப்பான்." இதை நானும் தங்கச்சியும் பிடித்துக்கொண்டோம். அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. குட்டி போய் ரொக்கியின் பிரம்புக் கதிரையில் ஏறும், அவன் உறுமுவான், உடனே குசினிக்குள்ளிருந்து குரல் வரும்: "சின்னப்பிள்ளை தானேடா, விட்டுக்குடன்!" எங்கள் வீடுகளில் மூத்ததுகள் எல்லாம் இதைக் கேட்டே வளர்ந்தவை, நான் உட்பட. நாயிடம் இது எடுபடாது. விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று மூத்தவனை ஒதுக்க ஒதுக்க, குட்டி வந்தால் தனக்கு நட்டம் என்றுதான் அவன் கணக்குப் போடுவான். எங்களுக்கு வேண்டியிருந்தது நேர்மாறு: குட்டி கிட்ட வந்தால் கோழி வரும், கொஞ்சல் வரும்.

ஆகவே வீட்டுக்குள் சட்டம் போட்டோம். கதவைத் திறந்ததும் முதல் தடவல் ரொக்கிக்கு. பிரம்புக் கதிரை அவனுக்கு மட்டும், குட்டி ஏறினால் இறக்குவது எங்கள் வேலை, அவனுடைய வேலை இல்லை. எலும்பு, பந்து எல்லாம் அலுமாரிக்குள். குசினி வாசலுக்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக் கேற் அடித்துத்தரச் சொல்லி தச்சு பாஸிடம் கேட்டோம். "நாய்க்கா கேற்?" என்று சிரித்துவிட்டுத்தான் அளவெடுத்தார். குட்டி கேற்றுக்கு உள்ளே சாப்பிடும், ரொக்கி வெளியே. குட்டிச் சாப்பாட்டில் கொழுப்பும் புரதமும் அதிகம், பெரியவன் ஒருநாள் களவாகத் தின்றதன் பலனை அடுத்த நாள் மெரைன் டிரைவில் நான்தான் பையில் அள்ளினேன்.

குட்டிக்குச் 'சுட்டி' என்று பெயர் வைத்ததும் அம்மாதான். நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிற வயது அது. தூக்கம் குறைந்தால்தான் ஆட்டம் கூடும், ஆட்டம் கூடினால்தான் ரொக்கிக்குக் கோபம். அதனால் மத்தியானத்தில் அவளைக் கேற்றுக்குள் படுக்க வைத்துவிடுவோம். தெரு பழகட்டும் என்று தங்கச்சி அவளைக் கையில் தூக்கிக்கொண்டு காலி வீதி பஸ் இரைச்சலையும் கடற்கரை ரயிலையும் காட்டிவருவாள். புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற பருவம் மூன்று, மூன்றரை மாதத்தோடு சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால் ஊசி முடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

மொத்தத்தில் நன்றாகத்தான் போனது, நாலு மாதம் வரை. குட்டிக்குப் பெரிய நாய்கள் கொடுக்கிற சலுகை அந்த வயதில்தான் முடியத் தொடங்கும். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் இப்போது மூக்கால் இடித்துத் தள்ளினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுக்குளா மீன் வெட்டும்போது தலைத் துண்டு ஒன்று வழுக்கிக் கேற்றுக்கு அடியால் வெளியே போனது. இரண்டும் ஒன்றாகப் பாய்ந்தன. அந்தச் சத்தம் கீழ்மாடி வரை கேட்டிருக்கும். நடுவில் கையை விடாதேங்கோ என்று நான் கத்த முதல், அம்மா பெரிய அலுமினியத் தாம்பாளத்தை இரண்டுக்கும் நடுவில் இறக்கினார். பிரிந்தன. சுட்டியின் காதில் எச்சில் மட்டும், ஒரு கீறல்கூட இல்லை. மீன் தலையை அம்மா எடுத்துக் குப்பையில் போட்டார். அதற்குப் பிறகு 'விட்டுக்குடன்' என்ற பேச்சு குசினியிலிருந்து வரவில்லை.

ஊசித் தொடர் முடிந்து, எதிர்ப்புச் சக்தி பிடிக்கட்டும் என்று இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, இப்போது இரண்டு பேரையும் சேர்த்தே நடத்துகிறோம். விசர்நாய்க்கடிக்கான ஊசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, அதையும் போட்டாயிற்று. உண்ணிக்கான மாத்திரைகள் பல, 8 வாரமும் 2 கிலோவும் ஆன குட்டிகளுக்குத்தான் கொடுக்கலாம் என்பதால் ஆரம்பத்தில் தினமும் சீப்பால் வாரித்தான் பார்த்தோம். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மாத்திரை.

ரொக்கி முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி 'வா விளையாடுவோம்' என்று அழைப்பதை முதலில் பார்த்தது செக்கியூரிட்டி அண்ணா. அதுவரை இந்த வயதில் அவன் விளையாடுவான் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பிரம்புக் கதிரை இன்னும் அவனுடையதுதான். யாரும் வீட்டில் இல்லாத நேரம் இருவரையும் தனியாக விடுவதில்லை. சுட்டிக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை முடியும்வரை கேற்றும் அங்கேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.