கயாவில் விட்ட மாம்பழம்

"எனக்காகக் கயாவில் ஒரு பிடி அன்னம் போட்டுடுடா" என்று அம்மா தன் கடைசி வருஷத்தில் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பாள். சரிம்மா, சரிம்மா என்றேன். 11 வருஷம் ஓடிவிட்டது. பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் படிப்பு, என் முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. போன மாசியில், என் 69-ஆவது வயதில், பகவானாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்.

ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, மனைவியின் பின்னல் நுனியை நதிக்குக் கொடுக்கும் வேணி தானமும் முடித்துக் காசிக்கு வந்தோம். விஸ்வநாதர் தரிசனம் மூன்று விநாடி. போகட்டும், அவர் என்னைப் பார்த்தாரே. மறுநாள் விடிவதற்கு முன் வேனில் ஏறினால் கயா ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வழி நெடுக லாரி. என் முழங்கால் வீங்கிவிட்டது. இறங்கியதும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, எந்த ஊர், என்ன கோத்திரம், வாருங்கள் நான் செய்து வைக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அடி எடுத்து வைத்தால் ஒரு தட்சிணை. பித்ரு காரியத்துக்கு வருகிறவன் மனசு எந்த நிலையில் இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியாதா என்ன? எங்கள் வாத்தியார் வந்து மீட்டுக்கொண்டு போனார்.

கயாவின் பல்குனி நதியில் தண்ணீர் மணலுக்கு அடியில்தான் ஓடும், சீதையின் சாபம், கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 2022-இல் ரப்பர் அணை கட்டிய பிறகு கோயில் படித்துறையிலேயே தண்ணீர் நிற்கிறது. முழங்கால் மடங்காத எனக்கு அதுவே அம்மா செய்து கொடுத்த வசதி போலத்தான் இருந்தது.

64 பிண்டம். அதில் 16 அம்மாவுக்கு மட்டும். மாத்ரு ஷோடசி என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, எதிரே உட்கார்ந்து செய்யும்போது என்ன ஆகும் என்று தெரியாது. ஒவ்வொரு பிண்டத்துக்கும் ஒரு சுலோகம். வாத்தியார் நிறுத்தி நிறுத்தித் தமிழில் பொருள் சொன்னார். மாதா மாதம் சுமந்த கஷ்டத்துக்கு ஒன்று. பிரசவ வலிக்கு ஒன்று. குழந்தைக்காகக் கசப்பு மருந்தைக் குடித்ததற்கு ஒன்று. ராத்திரி குழந்தை நனைத்த துணியில் படுத்துக் கிடந்ததற்கு ஒன்று. அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. எனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தபோது அம்மா ஈரப் புடவையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது அப்படியே கண் முன்னால் வந்தது. "போடுங்கோ" என்றார் வாத்தியார் மெதுவாக. போட்டேன். அப்புறம் 16 முடியும்வரை எனக்குக் கண் தெரியவில்லை.

யாருமில்லாதவர்களுக்கும் பிண்டம் உண்டு என்றார். எங்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்த கிழவியை நினைத்து ஒன்று, லட்சுமி என்று ஒரு பசு இருந்தது, அதற்கு ஒன்று வைத்தேன்.

பெருமாளின் பாதம் பதிந்த கல் இருக்கிற விஷ்ணுபாதம் கோயிலில் நெரிசல் சொல்லி முடியாது. இப்போதிருக்கும் கோயில் 1787-இல் அகல்யாபாய் ஹோல்கர் மகாராணி கட்டியது. தூண்களை நின்று பார்க்க ஆசை, விடுவார்களா? பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளி கட்டிய விளிம்புக்குள் குனிந்து பிண்டத்தை வைத்தபோது பாலும் துளசியும் அன்னமுமாகக் கலந்த குழைவுக்கு அடியில், விரலுக்குக் கல் தட்டுப்பட்டது. குளிர்ந்த கல். பாதத்தின் பள்ளம். கதாதரா, எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள் என்று மட்டும்தான் வாயில் வந்தது. வீடு, பிள்ளை, உடம்பு என்று நீளமாக ஒரு பிரார்த்தனை வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் அட்சய வடம் என்கிற ஆலமரம். இனி ஆயுசுக்கும் தொடுவதில்லை என்று அங்கே ஒரு காய், ஒரு கனி, ஒரு இலை விட வேண்டும். கொத்தவரங்காய், பேரிக்காய் என்று ரயிலிலேயே தீர்மானித்திருந்தேன். இரண்டும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் பதினாறு பிண்டம் போட்ட கையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. கனி என்று கேட்டதும் "மாம்பழம்" என்றேன். என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

லால்குடி வீட்டுக் கொல்லையில் அப்பா வைத்த இமாம்பசந்த் மரம் இருக்கிறது. வருஷா வருஷம் நானே நின்று பறித்து, எண்ணி, இருட்டு அறையில் வைக்கோல் பரப்பிப் பழுக்க வைப்பேன். தம்பியும் நானும் வீட்டைப் பாகம் பிரித்தால் மரம் அவன் பங்கில் விழும். அதனால்தான் பேச்சை ஆறு வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். வெளியில் வேறு காரணம் சொன்னேன்.

வைகாசியில் அந்த அறையைத் திறந்தபோது வந்த வாசனை என்னை உலுக்கிவிட்டது. கதவை மூடிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கூடைகளை எடுத்துத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். ஆனி பிறந்தபோது வாசனை வந்தது, நன்றாக இருந்தது, அவ்வளவுதான். இதை நானாகச் செய்யவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ உபன்யாசம் கேட்டும் வராதது, அந்த ஆலமரத்தடியில் ஒரு சொல்லில் அம்மா வாங்கிக் கொடுத்தது. அவளுக்கு நான் போட்டது ஒரு பிடி அன்னம்தான்.

அம்மாவின் திதி ஆனியில் வரும். தம்பி வந்திருந்தான். பிராமணர்கள் இலையில் பழத்தை நானே நறுக்கிப் பரிமாறினேன். எல்லாரும் போன பிறகு, "மரம் இருக்கிற பக்கத்தை நீயே எடுத்துக்கோடா, எப்போ எழுதலாம்னு சொல்லு" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.