ஸ்டீம் டெக்கும் கச்சான் காற்றும்: அரியமான், தனுஷ்கோடி நாட்குறிப்பு

ஜூன் 11, 2025, புதன்

கையில் பிடித்து ஆடும் கேம் கருவிகளான ஸ்டீம் டெக், நின்டெண்டோ ஸ்விட்ச் இரண்டையும் ராமேஸ்வரம் பக்கக் கடற்கரைக்கு எடுத்துப் போகத் தயாராகிறேன். பவர் பேங்க் மேல் அச்சடித்த 20,000 எம்ஏஎச்சை (மில்லியாம்பியர்-மணி) அப்படியே நம்பக் கூடாது. அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. பெருக்கினால் 74 வாட்-மணி. வோல்டேஜை ஏற்றும்போது சூடாகக் கழிவது போக, கைக்கு வருவது 60-ஐ ஒட்டித்தான். ஸ்டீம் டெக்கின் ஓஎல்இடி மாடல் பேட்டரி 50 வாட்-மணி. ஒரு முழு சார்ஜ் ஏறிக் கொஞ்சம் மிஞ்சும். ஸ்விட்ச்சுக்கு 16 தான், மூன்று முறை தாராளம்.

கரையில் நெட் இல்லாமலும் ஆட, ஒவ்வொரு கேமையும் வீட்டு வைஃபையில் மெனு வரை திறந்துவிட்டு, ஆஃப்லைன் மோடுக்குப் போய் மறுபடி திறந்து பார்க்கணும். இந்த இரண்டாவது திறப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனி லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் இடைச் செயலி) வழியாக லாகின் கேட்கும் கேம் அங்கேதான் மாட்டும்.

ஜூன் 12, வியாழன்

இரவு ரயில். பெட்டியில் உள்ள சார்ஜிங் பிளக்கை ராத்திரி 11 முதல் காலை 5 வரை அணைத்து வைப்பது வழக்கம். ஏறும்போதே 100 சதவீதம் இருக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

அரியமான், பாக் நீரிணைப் பக்கக் கடற்கரை. இப்போது அடிப்பது கச்சான், தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் அலை எழும்பும், பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். உள்ளூரில் முன்னதை ஆண்கடல் என்பார்கள், பின்னதைப் பெண்கடல். ஆனி, ஆடியில் ஆட இடம் தேடினால் பெண்கடல் கரைதான். அரியமான் சவுக்குத் தோப்பு காற்றையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். மார்கழியில் வாடை அடிக்கும்போது கணக்கு அப்படியே மாறி, ஆண்கடல் கரையில் இருக்கும் குந்துகால் பக்கம் நல்லது.

பயப்பட வேண்டியது தண்ணீருக்கு இல்லை, உப்புக்கு. அடுப்படி உப்பு ஜாடி மழைநாளில் கசிகிறதே, அதே வேலைதான். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பே நீர்த்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும். டைப்-சி துளைக்குள் அந்தப் படலம் இருக்க, சார்ஜரைச் செருகினால் மின்சாரம் பாய்ந்து பின்கள் அரிக்கும். முதலில் ஓரத்தில் கறுப்பு, அப்புறம் பச்சை. அதனால் கரையில் சார்ஜ் போடுவதே இல்லை. துளைக்கு ரப்பர் மூடி.

இன்னொரு பொறி லாட்ஜ் ஏசி. 22 டிகிரியில் கிடந்த கருவியை வெளியே எடுத்ததும் உள்ளேயும் வியர்க்கும். ஜிப் கவரில் காற்றுப்புகாமல் மூடியே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறக்கணும்.

ஸ்டீம் டெக்கில் டிடிபி (சிப் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பு) 8 வாட், நொடிக்கு 40 ஃபிரேமுக்குப் பூட்டு. நாலு மணி நேரத்தை ஒட்டி ஓடும், விசிறியும் மெதுவாகச் சுற்றும். விசிறி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு உப்புக் காற்று உள்ளே போகும் என்பது கூடுதல் காரணம். 35 டிகிரிக்கு மேல் கருவியே சூடு தாங்காது. பதினொன்று முதல் நாலு வரை பைக்குள்தான்.

ஜூன் 14, சனி

அரிச்சல்முனை, தனுஷ்கோடியின் கடைசி முனை. மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள் என்பதால் பாம்பனில் விசைப்படகுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. தனுஷ்கோடிக்குக் கருவியைக் கொண்டு போவது வீண். நிழல் கிடையாது, மணல் முழங்கால் உயரத்தில் ஓடுகிறது, சாயங்காலத்துக்குள் எல்லோரையும் திருப்பிவிடுவார்கள். போன் மட்டும் போதும், அதிலும் ரோமிங்கை அணைத்துவிட்டு. இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும்.

ராத்திரி லாட்ஜ் டிவியில் ஸ்விட்ச். டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கி) சார்ஜ் ஏறியும் படம் வராவிட்டால் பெரும்பாலும் சார்ஜர்தான் குற்றவாளி: டிவி மோடுக்கு 15 வோல்ட் வேண்டும், பல போன் சார்ஜர்கள் 9 வோல்ட்டோடு நிற்கும். டிவி சுவரோடு ஒட்டியிருக்கும், ஆகவே 2 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள்.

ஜூன் 15, ஞாயிறு

துடைப்பதில் வரிசை முக்கியம். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதுபந்தால் முதலில் மணலை ஊதித் தள்ளு. வாயால் ஊதினால் எச்சில் ஈரம். எடுத்ததும் துணி போட்டால் மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும், அது கண்ணாடியைவிடக் கடினம். கட்டைவிரலால் ஆட்டும் ஸ்டிக்கைச் சுற்றிலும் ஊதணும். சாதா ஸ்டிக்கின் உள்ளே கரிப் பட்டை மேல் ஒரு முனை உரசிக்கொண்டிருக்கும், அதில் தூள் இறங்கினால் டிரிஃப்ட், அதாவது தொடாமலே தானாக நகரும். காந்தத்தை வைத்து அசைவை அறியும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் அந்த உரசல் இல்லை.

பிறகு கருவியை முழுக்க அணைத்து, 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷை லேசாக நனைத்து, டைப்-சி துளையில் நாலு தடவை. அரை மணி காயவிட்டு சார்ஜ். திரையின் மேல் மட்டும் ஆல்கஹால் வேண்டாம், ஈரத் துணியும் உலர்ந்த துணியும் போதும்.

கவரில் போட்ட, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டது. இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு.