அகத்தியர் கூடம் போகும் வழியில் ஒரு பச்சிலை

கேரளத்துப் போனக்காட்டில் மலையேற நடை தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பாசி படிந்த கல்லில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். பையில் பிளாஸ்டர் இருந்தது. எந்த அறையில் என்றுதான் தெரியவில்லை. நான் துழாவிக்கொண்டிருக்கும்போதே, வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி அண்ணன் பாதையோரத்தில் நாலு இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிந்துவிட்டார். உயிர் போகிற எரிச்சல். அப்புறம் ரத்தம் நின்றது.

"கம்யூனிஸ்ட் பச்சை" என்றார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை அது. கேரளத்தில் கட்சி வளர்ந்த காலத்தில் அதே வேகத்தில் பரவியதால் இந்தப் பெயராம். நம்மூரில் இந்த வேலைக்கு வெட்டுக்காயப் பூண்டைத் தேடுவோம்.

செடியை அடையாளம் சொல்லும் ஆப் ஒன்றை நம்பி வந்திருந்தேன். சிக்னல் போனதும் அதுவும் போயிற்று. அண்ணன் மோந்து பார்ப்பார், காம்பை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்ப்பார். நானும் ஆர்வத்தில் ஓர் அகன்ற இலைக்குக் கை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். ஆனைச்சொறியணம்! பட்டால் நாள்கணக்கில் வலிக்கும், தண்ணீர் பட்டால் வலி திரும்ப எழும்பும்.

"பறவை தின்கிற பழத்தை நாமும் தின்னலாமா அண்ணே?"

"இருவாச்சி எட்டிப்பழம் தின்னும் சாரே. நீங்க தின்னுருவீங்களா?"

1868 மீட்டர் உயர மலை. மூச்சு வாங்கியபோது எனக்கு அந்தப் பழைய கதைதான் ஞாபகம் வந்தது. 1987-ல் இந்தக் காட்டுக்கு வந்த ஆய்வாளர்கள் களைத்துப்போக, கூட வந்த காணிக்காரர்கள் ஏதோ காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியபச்சை. காணிகள் சொல்லும் பெயர் சாத்தன் களஞ்சா. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்யும் உரிமை 1995-ல் ஒரு நிறுவனத்துக்குப் போனது; வந்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு.

ஓர் ஓடையருகே நிழலில் அண்ணனே அந்தச் செடியைக் காட்டினார். சாண் உயரம்கூட இல்லை. தண்டுக்கு ஓர் இலை, அதன் அடியில் மூன்று பட்டை வைத்த சின்னக் காய். நான் பார்த்திருந்தால் மிதித்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு காய் கேட்டேன். காட்டில் எதையும் பறிக்கக்கூடாது என்றார். சரி, போட்டோ? அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். மருந்து விலை போன காலத்தில் ஆட்கள் வந்து வேரோடு பிடுங்கிப் போனது இன்னும் மறக்கவில்லை அவருக்கு.

மறுநாள் இறங்கும்போது அந்த ஓடையை நானே கண்டுபிடிப்பேன் என்று கர்வமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓரமாக நின்ற ஒவ்வொரு குட்டிச் செடியும் அதுவாகவே தெரிந்தது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அது தாண்டி ரொம்ப நேரமாச்சு சாரே" என்று சிரித்துவிட்டு முன்னே நடந்தார்.