அனுப்ப முடிகிறது, வரவில்லை

கோவையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் மெயில் சர்வரைக் கவனித்துக்கொள்கிறேன். டெபியன் இயங்குதளம், அஞ்சலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்து சேர்ந்த அஞ்சலை எடுத்துக்கொடுக்கும் டவ்காட் என எல்லாம் ஒரே கணினியில். ஒரு திங்கட்கிழமை காலை, வெளியூர்த் தணிக்கைக்குப் போயிருந்தவர்களிடமிருந்து வரிசையாக அழைப்பு. "சார், மெயில் போகிறது, ஆனால் எதுவும் வரவில்லை. சான்றிதழ் காலாவதி என்கிறது அவுட்லுக்."

சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழைத்தான் அது சொல்கிறது. பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்தேன். பூட்டுச் சின்னம் ஒழுங்காக இருந்தது; சான்றிதழுக்கு இன்னும் இரண்டு மாத ஆயுள். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் 'சர்வரில் கோளாறில்லை' என்று போனை வைத்துவிடுகிறார்கள். சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் எண்ணிட்ட ஒரு வாசல் உண்டு; அதுதான் போர்ட். பிரவுசர் பேசுவது போர்ட் 443 உடன். அவுட்லுக் அஞ்சலை எடுப்பது டவ்காட் கவனிக்கும் ஐமேப் போர்ட் 993 வழியாக. சான்றிதழைச் சோதிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையால் 993-ஐயே நேராகக் கேட்டேன். அது நீட்டிய சான்றிதழ் முந்தைய நாளோடு முடிந்திருந்தது.

சர்வரின் ஹார்ட் டிஸ்கில் இருந்த சான்றிதழ்க் கோப்போ புதியது. இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். 30 நாள் மிச்சமிருக்கும்போதே, அதைத் தானாகப் புதுப்பிக்கும் சர்ட்பாட் நிரல் புதுப்பித்துவிட்டது. டவ்காட் மட்டும் தொடங்கியபோது படித்த பழையதையே நினைவகத்தில் வைத்திருந்தது. போஸ்ட்ஃபிக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் செயல்முறைகள் அவ்வப்போது முடிந்து புதிதாகத் தொடங்குபவை. அதனால் அது தானாகவே புதியதை எடுத்துக்கொண்டது. அஞ்சல் போனதும் வராததும் அதனால்தான்.

இவ்வளவு காலம் இந்தச் சிக்கல் தலைகாட்டாததற்கு மின்வாரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். கரண்ட் போகும், சர்வர் அணையும், மறுபடி எழும்போது டவ்காட் புதிய சான்றிதழைப் படித்துவிடும். கோடையில் பெரிய யுபிஎஸ் வாங்கினார்கள். அதன்பிறகு சர்வர் அணையவே இல்லை.

டவ்காட்டை ரீலோட் செய்து புதிய கோப்பைப் படிக்க வைத்ததும் மடிக்கணினிகளில் அஞ்சல் கொட்டியது. அந்த வாரம் சேர்ந்த ஆர்ட்டிகிள் மாணவர்களின் (சிஏ பயிற்சிக்கு வருபவர்கள்) ஆண்ட்ராய்டு போன்கள் மட்டும் 'நம்பகமற்ற சான்றிதழ்' என்று அடம்பிடித்தன. பழையவர்களின் போன்களில் குறையில்லை. மறுபடி 993-ஐக் கேட்டபோது சங்கிலியில் ஒரே ஒரு சான்றிதழ்தான் வந்தது. சர்வரின் சான்றிதழை, போன் ஏற்கெனவே நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழைக் காணோம். டவ்காட் அமைப்பில், இடைநிலையும் சேர்ந்த 'ஃபுல்செயின்' கோப்புக்குப் பதிலாக வெறும் 'செர்ட்' கோப்பைக் காட்டியிருந்தார் எனக்கு முன்னால் இருந்தவர். விடுபட்ட கண்ணியை விண்டோஸ் தானே தேடி இறக்கிக்கொள்ளும். ஆண்ட்ராய்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அப்படியானால் பழைய ஆண்ட்ராய்டு போன்கள் எப்படி வேலை செய்தன? கணக்கு அமைப்பைத் திறந்து பார்த்தால், எல்லாவற்றிலும் 'அனைத்துச் சான்றிதழ்களையும் ஏற்கவும்' என்ற தேர்வு. எனக்கு ஆத்திரமே வந்தது. லாட்ஜ் வைஃபையில் இடையில் எவன் உட்கார்ந்து போலிச் சான்றிதழை நீட்டினாலும், இந்த போன்கள் கடவுச்சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிடும். வாடிக்கையாளர்களின் கணக்குவழக்கு முழுவதும் இருக்கும் அஞ்சல்பெட்டி அது.

ஃபுல்செயினுக்கு மாற்றினேன். சர்ட்பாட்டின் டெப்லாய் ஹுக் கோப்புறையில், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் டவ்காட்டை ரீலோட் செய்யும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் வைத்தேன். தினமும் 993, அஞ்சல் அனுப்பும் போர்ட்களான 465, 587 என மூன்றையும் வெளியிலிருந்து கேட்டு, சான்றிதழின் ஆயுள் 20 நாளுக்குக் குறைவாக இருந்தால் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சோதனையும் ஓடுகிறது. பழைய போன்கள் ஒவ்வொன்றிலும் அந்தத் தேர்வை நீக்கி, கடவுச்சொல்லையும் மாற்றியாயிற்று. பங்குதாரர் ஒருவரின் போன் மட்டும் பாக்கி. 'வேலை செய்வதை ஏன் தொடுகிறீர்கள்' என்கிறார்.