கிணற்றடிக் கல்

ஒக்டோபர் 11, சனி

இரவு ஒன்றரை மணிக்கு ரொறன்ரோவிலிருந்து கூட்டாளியின் வாட்ஸ்அப். பூல், அதுதான் மேசையில் கோலால் பந்தை அடித்துக் குழியில் விழுத்துகிற ஆட்டம், அதை வைத்து ஒரு நல்ல படம் வந்தால் சனம் திரும்ப மேசைக்கு வருமா மச்சான் என்று கேட்டிருந்தான். அங்கே அவனுக்குப் பின்னேரம் நாலு மணி, வேலைத்தலத்தில் கோப்பி குடிக்கிற நேரம். எனக்கு நித்திரை போய்விட்டது.

வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பேன். ஆனால் 2003இல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்து, கொழும்பிலிருந்து இரண்டு பழைய மேசைகளை லொறியில் ஏற்றி வந்து, பூல் சென்டர் என்று பலகை மாட்டினவர்கள் நானும் அவனும்தான். 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்து, பாதைகள் திறந்து, திருகோணமலையில் என்ன கடையைத் திறந்தாலும் நாலு பேர் எட்டிப் பார்த்த காலம் அது. 2006இல் மூதூர்ப் பக்கம் சண்டை தொடங்கியதும் பொழுதுபட்ட பிறகு தெருவில் ஆளில்லை. பூல் அடிக்க ஆள் வருவதே பொழுதுபட்ட பிறகுதான். பூட்டினோம்.

ஒரு மேசையை உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர் வாங்கினார். மற்றதைத் துணி வெட்டத் தோதாக இருக்கும் என்று ஒரு தையற்காரர் கேட்டார், துணிக்குக் கீழே பதித்திருக்கிற தட்டைக் கல்லைக் கழற்றித் தந்தால் மட்டும் எடுப்பேன் என்றார். கழற்றினோம். அந்த மூன்று கல்லும் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கின்றன. மனைவி அதில்தான் உடுப்புத் தோய்க்கிறா.

ஒக்டோபர் 12, ஞாயிறு

அவனுக்கு ஆறு நிமிஷத்துக்குக் குரல் பதிவு அனுப்பினேன். அதன் சாரத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

படத்தால் பூல் திரும்ப வருமா என்றால், வந்திருக்கிறது, அதுவும் இரண்டு தரம். 1961இல் 'த ஹஸ்ட்லர்'. எடி என்கிற பூல்காரனாகப் போல் நியூமன் நடித்தது. அவருக்குக் கியூ, அதாவது பந்தடிக்கிற கோல், பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் வில்லி மொஸ்கோனி, 1954இல் ஒஹாயோவில் ஒரு பந்தும் தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்து விழுத்தின மனுஷன். அமெரிக்காவில் தூசி பிடித்துக் கிடந்த பூல் அறைகளுக்கு அந்தப் படத்துக்குப் பிறகு கூட்டம் வந்தது, சில வருஷத்தில் வற்றியும் போனது. பிறகு 1986இல் ஸ்கோர்செஸியின் 'த கலர் ஒஃப் மணி'. அதே எடி பாத்திரத்தில் அதே நியூமன், 25 வருஷம் கிழடாகி, அதுக்குத்தான் ஒஸ்காரும் கிடைத்தது. கூட டொம் குரூஸ். பெரும்பாலான அடிகளை அவரே அடித்தார், இரண்டு பந்துக்கு மேலால் பாய்கிற அந்த ஒரு அடியைத் தவிர. அதை அடித்தவர் மைக் சீகல் என்ற சம்பியன். திரும்பவும் கூட்டம், ஆனால் இந்தத் தரம் வேறு சாதிக் கூட்டம். புகையும் இருட்டுமாக இருந்த அறைகள் போய், வெளிச்சமும் சாப்பாடும் வைத்த இடங்கள் வந்தன, பொம்பிளைகளும் வந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, இந்த இரண்டு படத்துக்கும் மூலநாவல் எழுதின வோல்ட்டர் டெவிஸ்தான் 1983இல் 'குயின்ஸ் கேம்பிட்' என்ற செஸ் நாவலை எழுதினவரும். அது 2020இல் நெட்பிளிக்ஸில் தொடராக வந்து செஸ்ஸுக்கு என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். மனுஷன் 1984இலேயே செத்துப்போனார், இரண்டாவது படத்தையும் இந்தத் தொடரையும் பார்க்கவில்லை.

அப்போ பூலுக்கும் அப்படி நடக்கலாமே என்று அவன் உடனே பதில் போட்டான். அங்கேதான் பிழைக்கிறது. செஸ் தொடரைப் பார்த்தவன் பார்த்து முடிந்ததும் அதே போனில் காயை நகர்த்தத் தொடங்கிவிட்டான், அதுவும் ஊரடங்கு நேரம், வேறு வேலை இல்லை. பூல் படம் பார்த்தவன் எழும்பி எங்கே போவான்? மேசை வேண்டும். கல் மட்டும் 200 கிலோ.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை தொடங்கிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை, கரண்ட் இரண்டு தரம் போனது.

இருட்டில் இருந்து யோசித்ததில் ஒன்று தட்டுப்பட்டது. நம்முடைய தமிழ்ப் படங்களில் இந்த மேசையை யார் வீட்டில் வைப்பார்கள்? வில்லன் வீட்டில். அல்லது மகளைக் கதாநாயகனுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிற பணக்காரத் தகப்பன் வீட்டில், கையில் கியூவோடு நின்று மிரட்டுவார், ஒரு பந்தையும் ஒழுங்காக அடிக்கமாட்டார். பிறகு சண்டை வந்தால் அடியாள் ஒருவன் அந்த மேசையில்தான் போய் விழுவான். இத்தனை வருஷமாக இதைக் காட்டினால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்.

ஒக்டோபர் 18, சனி

அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். பதினேழு வயது, ஏ.எல். படிக்கிறான், கரம் போர்ட்டில் கெட்டிக்காரன். சீசன் முடிந்து வெள்ளைக்காரர் யாரும் இல்லை. எங்கள் பழைய மேசை விறாந்தையில் நீலத் தறப்பாளால் மூடிக் கிடந்தது. தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு பல்லி ஓடியது.

பச்சைத் துணி இப்போது பாசி நிறம், தலைப்பக்கத்தில் யாரோ போத்தல் வைத்த வட்டங்கள். நடுவில் வெள்ளைப் பந்தை வைத்து மெல்லத் தள்ளினேன். நேராகப் போய், வேகம் குறைகிற நேரம் பார்த்து, ஏதோ கூப்பிட்ட மாதிரி கடற்கரைப் பக்கம் திரும்பியது. கல் மூன்று துண்டாகத்தான் வரும், பொருத்துகிற சந்துகளை மெழுகால் நிரப்பித் தேய்க்க வேண்டும். அந்த மெழுகு வெடித்திருக்கிறது, விரலால் தடவினால் துணிக்கு மேலாலேயே தெரிகிறது. காலடியில் உயரம் கூட்டுகிற திருகாணி கடற்காற்றில் இறுகிப்போயிருந்தது. பழைய லொத்தர் டிக்கெற்றுகளை மடித்து ஒரு காலுக்குக் கீழே செருகினோம், இரண்டு செருகினால் குறைகிறது, மூன்று செருகினால் கூடுகிறது. மூன்றாவதைப் பாதியாகக் கிழித்துச் செருகியதும் பந்து நின்றது.

ஈரம்தான் பெரிய எதிரி. ஈரத்துணியில் பந்து உருளாது, இழுபடும். பூல் மாதிரியே கியூவால் அடிக்கிற ஸ்னூக்கரின் பெரிய போட்டிகளில் கல்லுக்குக் கீழே சூடாக்கி பூட்டியிருப்பார்கள். அந்த நாளில் நாங்கள் மேசைக்குக் கீழே 100 வொட் பல்ப் ஒன்றை இரவிரவாக எரியவிடுவோம். கரண்ட் பில்லைப் பார்த்துக் கூட்டாளி அழுவான்.

மருமகன் முதலில் என்ன செய்தான் தெரியுமா, போனை என் கையில் தந்து, பிரேக், அதுதான் பந்துகளைச் சிதறடிக்கிற முதல் அடி, அதை ஸ்லோமோஷனில் எடுக்கச் சொன்னான். எடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. பிறகு இருபது நிமிஷம் ஒன்றும் குழியில் விழவில்லை, போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். படம் வந்தாலும் இவ்வளவுதான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் எல்லாம் விழும், விழாத அடிகளை வெட்டிவிடுவார்கள்.

அப்புறம் சமையற்காரர் வந்தார், கிண்ணியாக்காரர், ஐம்பது வயதிருக்கும். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, "தம்பி, ஒரு ஆட்டம் போடுவோமா" என்றார். ஆட்கள் இல்லாத மாதங்களில் தனியே நின்று அடித்துப் பழகியிருக்கிறார் போல. மேசை எங்கே சரிகிறது, எந்த மூலை பந்தைத் துப்பும் என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம். பொடியனின் ஏழு பந்தும் மேசையில் கிடக்க, கடைசியாக விழுத்த வேண்டிய கறுப்பைப் போட்டு முடித்துவிட்டு, அடுப்பில் பருப்பு என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

வீடு வரும்வரை மருமகன் வாய் திறக்கவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அக்கா வீட்டில் சாப்பாடு. பொடியனை எங்கே கூட்டிப் போனாய் என்று அக்கா கேட்டாள். சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது. இதே அக்காதான் 2004இல் தன் கலியாணப் பேச்சு நடந்தபோது, தம்பி என்ன செய்கிறான் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதுக்கு "விளையாட்டுச் சாமான் வியாபாரம்" என்று சொன்னவள். இன்னும் அத்தானுக்கு முழுக்கதை தெரியுமோ என்னவோ.

"கரம் விளையாடட்டும், வீட்டிலேயே விளையாடட்டும்" என்றாள். கரமும் அதே கோணக்கணக்குத்தான், விரலுக்குப் பதில் கியூ, அவ்வளவுதான் அக்கா என்றேன். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சம்பியனாக வந்தவர் நம்முடைய நாட்டு மொஹமட் லாபிர் என்றும் சொன்னேன். ஸ்னூக்கரின் விதிகளை எழுதி ஒட்டினது ஊட்டி கிளப்பில் என்றும் சொன்னேன். அவளுக்கு ஊட்டி என்றால் பழைய பாட்டுகளில் வருகிற ஊர். "வடையை எடு" என்றாள்.

கூட்டாளி இரவு அழைத்தான். மூன்று நாளைக்கு முதல் வந்த 'பைசன்' பார்த்தானாம், கபடிப் படம். ஒரு பூல் படமும் அப்படி வந்தால் என்று திரும்பத் தொடங்கினான். கபடிக்கு மணலில் காலால் ஒரு கோடு கீறினால் போதும்டா, பொடியள் படம் பார்த்துவிட்டு வருகிற வழியிலேயே தொடங்கலாம் என்றேன். அவன் விடவில்லை. படம் வந்தால் மேசையும் வரும் என்கிறான். நான் சொல்வது, மேசை இருக்கிற ஊருக்குத்தான் படம் உதவும். அமெரிக்காவில் 1961இல் அறைகள் பாதி செத்தாவது கிடந்தன, எழுப்ப ஒரு நியூமன் போதும். இங்கே எழுப்ப என்ன இருக்கிறது, உப்புவெளியில் தறப்பாளுக்குக் கீழே ஒன்று.

ஒக்டோபர் 25, சனி

பின்னேரம் அக்கா எடுத்தாள், பொடியன் ரியூஷனுக்குப் போகவில்லையாம், உன்னோடு நிற்கிறானா என்று. ஓம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நினைத்த இடத்தில்தான் நின்றான். சைக்கிளில் அவ்வளவு தூரம் மழையில் நனைந்து போயிருக்கிறான். சமையற்காரர் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "அடிக்கிற பந்தைப் பார்க்காதே தம்பி, அடித்தபிறகு வெள்ளை எங்கே நிற்கும் என்று பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் பையில் கிடந்தது. மூன்று ஆட்டமும் தோற்றானாம். மூன்றாவதில் இரண்டு பந்துதான் மிச்சம் என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னான்.

கூட்டாளிக்கு இதைச் சொன்னதுதான் தாமதம், தையற்காரரிடம் சட்டத்தைத் திருப்பி வாங்கு, காசு நான் அனுப்புகிறேன், ஒரு மேசையோடு தொடங்குவோம் என்று குதிக்கிறான். சரி, பார்ப்போம் என்று டோர்ச்சையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முதல் கல் நல்லாக இருக்கிறது. நடுக்கல்லில் குழி வெட்டின அரைவட்டத்துக்குள் சவர்க்காரம் வைத்திருக்கிறா. மூன்றாவதின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு உடைந்திருக்கிறது, மற்றப்படி மேற்பரப்பு இருபது வருஷம் தோய்த்ததில் முன்னையைவிட வழுவழுப்பு.

நான் முழங்காலில் நின்று அளப்பதை மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"கல்லை எடுத்தால், நாளைக்கு உடுப்பை எதிலே போட்டு அடிக்கிறது?"