சார்லாந்தின் 2 யூரோ நாணயம்

ஜெர்மனி தன் மாநிலங்களைச் சிறப்பித்து 2006 முதல் வெளியிட்டு வரும் 2 யூரோ நாணயங்களுள், 2009-இல் வந்த சார்லாந்து நாணயமே என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. பிரான்ஸையும் லக்சம்பர்க்கையும் ஒட்டிக் கிடக்கும் இந்தச் சிறு நிலப்பரப்பு, முதல் உலகப் போருக்குப் பின் 1935 வரை சர்வதேசச் சங்கத்தின் (League of Nations) நிர்வாகத்திலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸின் பாதுகாப்பிலும் இருந்து, 1955 வாக்கெடுப்பைத் தொடர்ந்து 1957 ஜனவரி 1 அன்றுதான் மேற்கு ஜெர்மனியில் இணைந்தது. இணைந்த பிறகும் 1959 ஜூலை வரை அங்கே பிரான்ஸின் பணமான பிராங்க்தான் புழங்கியது. 1954, 1955 ஆண்டுகளில் சார்லாந்தின் பெயர் பொறித்த தனி பிராங்க் நாணயங்களும் அச்சிடப்பட்டிருந்தன. நாணயம் சேகரிப்போர் அவற்றையும் இந்த யூரோவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

நாணயத்தின் நடுவே இருப்பது சார்ப்ரூக்கன் நகரின் லுட்விக் தேவாலயம். ஸ்டெங்கல் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1775-இல் நிறைவுற்ற இக்கோயில், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. படத்தின் கீழே மாநிலத்தின் பெயரும், வெளிவளையத்தில் 12 விண்மீன்களும் உள்ளன. ஜெர்மனியின் ஐந்து நாணயச் சாலைகளில் எதில் அடிக்கப்பட்டது என்பதை ஒற்றை எழுத்து காட்டிவிடும்.