வெட்டினால் சரியாத மூசாக்கா

மூசாக்கா செய்வது கஷ்டமா என்று கேட்டால், கஷ்டமில்லை, நேரம் பிடிக்கும் என்றுதான் சொல்வேன். அடியில் உருளைக்கிழங்கு, அதன்மேல் கத்தரிக்காய், நடுவில் ஆட்டுக் கொத்துக்கறி, உச்சியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை சாஸ். இத்தனையையும் தனித்தனியாகச் சமைத்து, அடுக்கி, மறுபடியும் ஓவனில் வைத்துப் பொன்னிறமாக எடுக்கும் கிரேக்கச் சாப்பாடு இது. விடுமுறை நாள் ஒன்றில் காலையிலேயே கத்தியை எடுத்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது மதியம் நன்றாகவே தாண்டிவிட்டது.

தொடங்குவதற்கு முன் நிறையச் செய்முறைகளைப் படித்தேன். அளவுகள் ஆளுக்கு ஆள் மாறின. ஆனால் செய்து பார்த்தவர்களின் புலம்பல் மட்டும் ஒன்றாகவே இருந்தது: ருசி பிரமாதம், வெட்டினால் சரிந்துவிடுகிறது, தட்டில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. யோசித்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். தக்காளி அதற்கும் ஒரு படி மேல். உருளைக்கிழங்கில் கூட ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். இவை எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மேலே சாஸால் மூடினால் ஈரம் எங்கே போகும்? அதனால் ஒரே ஒரு தீர்மானத்தோடு இறங்கினேன். எந்த அடுக்காக இருந்தாலும் பாத்திரத்துக்குள் போகும் முன்பே தன் தண்ணீரை வெளியில் விட்டுவிட வேண்டும்.

33க்கு 23 சென்டிமீட்டர் அளவில், ஏழு சென்டிமீட்டர் ஆழம் உள்ள பாத்திரம் எடுத்துக்கொண்டேன். ஆழம் குறைந்தால் சாஸ் பொங்கி ஓவன் தரையில் வழியும். இந்த அளவுக்குப் பெரிய ஊதாக் கத்தரிக்காய் ஒன்றே கால் கிலோ, உருளைக்கிழங்கு 600 கிராம், கொத்துக்கறி 750 கிராம். எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

கத்தரிக்காயை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, இரண்டு பக்கமும் உப்புத் தூவி, வடிதட்டில் அரை மணி நேரம் விட்டேன். கசப்பு போகத்தான் உப்பு என்று பலர் சொல்வார்கள். இப்போது கிடைக்கும் கத்தரிக்காய்களில் பெரிதாகக் கசப்பே இருப்பதில்லை. உப்பு செய்யும் உண்மையான வேலை வேறு. பத்து நிமிடத்தில் துண்டின் முகத்தில் ஊசிமுனை அளவு துளிகள் அரும்புகின்றன. கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஓரமாக வழிகின்றன. அரை மணி கழித்து எடுத்தால் முன்பு விறைப்பாக இருந்த துண்டு கையில் லேசாக வளைகிறது. கத்தரிக்காயின் சதை முழுக்கக் காற்றறைகள். அவை அப்படியே இருந்தால் எண்ணெயை ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருக்கும். உப்பு நீரை இழுத்ததும் அந்த அறைகள் கொஞ்சம் அமுங்கிவிடுகின்றன. அப்புறம் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். சும்மா ஒப்புக்கு ஒற்றினால் போதாது, துணி நனையும்வரை அழுத்த வேண்டும்.

கிரேக்க வீடுகளில் இதை ஆலிவ் எண்ணெயில் பொரிப்பதுதான் பழைய வழக்கம். ருசியில் அதுதான் ஒரு படி மேல், மறுக்க மாட்டேன். ஆனால் கொத்துக்கறியிலும் கொழுப்பு, சாஸிலும் வெண்ணெய், இதற்கு மேல் பொரித்த கத்தரிக்காயும் என்றால் சாப்பிட்டவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். நான் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, 200 டிகிரி செல்சியஸில் அரை மணி சுட்டேன், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டேன். நெருக்கி அடுக்கினால் சுடாது, ஆவியில் வெந்து குழையும். ஒரே தட்டில் இடம் பற்றாது, இரண்டு தட்டு வேண்டும். உருளைக்கிழங்கும் அப்படித்தான், அரை சென்டிமீட்டர் கனம், கத்தி இறங்கும் அளவுக்கு வெந்தால் போதும். சிலர் உருளைக்கிழங்கே போடுவதில்லை. எனக்கென்னவோ அது கட்டாயம் வேண்டும். மேலிருந்து இறங்கும் சாறைப் பிடித்துக்கொள்வதும், கரண்டியால் தூக்கும்போது துண்டுக்குத் தரையாக நிற்பதும் அதுதான்.

இதெல்லாம் ஓவனில் இருக்கும்போதே கொத்துக்கறியை அடுப்பில் ஏற்றிவிட்டேன். அகலமான வாணலி, நல்ல சூடு. முதலில் கறியை மட்டும் போட்டுக் கிளறாமல் விட்டேன். போட்ட உடனே தண்ணீர் விடும், சாம்பல் நிறத்தில் கொதிக்கும். அந்தத் தண்ணீர் வற்றினால்தான் கறி வறுபடவே தொடங்கும். காது கொடுத்துக் கேட்டால் தெரியும். கொதிக்கும்போது களகளவென்று இருக்கும் சத்தம், ஈரம் தீர்ந்ததும் சடசடவென்று மாறும். அடியில் பழுப்பாகப் பிடிக்க ஆரம்பித்ததும் கறியை ஒதுக்கி, மிஞ்சிய கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுது சேர்த்தேன். விழுது நிறம் இருளும்வரை வதங்கட்டும், பச்சை வாடை அப்போதுதான் போகும். அடுத்து ஒரு சின்ன டம்ளர் சிவப்பு ஒயின். வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதில் சூப் தண்ணீர் விடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. பிறகு 400 கிராம் தக்காளி, காய்ந்த ஓரிகானோ இலை, ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி இருக்கும் ஒரு வாசனைக் காய்) தூள் அரைத் தேக்கரண்டி, பட்டை ஒரே ஒரு குச்சி.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கக் கறிச் சமையலில் பட்டை வந்தே தீரும், அந்த வாசனைதான் மூசாக்காவின் அடையாளம். ஆனாலும் கை தாராளமானால் மற்ற எல்லா ருசியும் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். தூளைவிடக் குச்சி நல்லது, போதும் என்று தோன்றினால் எடுத்துப் போட்டுவிடலாம்.

சிறு தீயில் முக்கால் மணி நேரம். கறி எப்போதோ வெந்துவிட்டது, வெந்ததும் இறக்கலாம் என்றுதான் கை பரபரக்கும். இறக்காமல் இருந்தேன். கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டுக்குள் சாறு ஓடி வந்து நிரம்பக் கூடாது. அதுவரை வற்றட்டும். சோற்றோடு சாப்பிடவோ பாஸ்தாவில் கலக்கவோ இவ்வளவு உலர்ந்த கறி யாருக்கும் பிடிக்காது, இதற்கோ அப்படித்தான் இருக்க வேண்டும். நேரம் இல்லாதவர்கள் இந்தக் கறியை முந்தின நாளே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மேலே உறைந்து நிற்கும் கொழுப்பை வழித்தெடுப்பதும் சுலபம்.

அடுத்தது வெள்ளை சாஸ். இன்று மூசாக்கா என்றாலே இந்த வெண்மையான தொப்பிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் அது அவ்வளவு பழைய விஷயம் இல்லை. கிரேக்கத்தின் சிஃப்னோஸ் தீவுப் பூர்வீகக்காரரான நிகோலாஸ் த்செலெமெந்தெஸ் என்ற சமையல் கலைஞருக்குப் பிரெஞ்சுச் சமையல் என்றால் உயிர். 1920களில் அவர் எழுதிய சமையல் புத்தகங்கள் வழியாகத்தான் இந்த சாஸ் கிரேக்க வீடுகளுக்குள் வந்தது என்று சொல்வார்கள். துருக்கியில் இதே பெயரில் செய்வது கத்தரிக்காயும் கறியும் சேர்ந்த கூட்டு மாதிரிதான், மேலே சாஸ் கிடையாது. அரபு நாடுகளில் கறியே இல்லாமல் கத்தரிக்காய், தக்காளி, கொண்டைக்கடலை போட்டுச் செய்து ஆறவைத்தும் சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்தத் தொப்பி வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதே அதற்காகத்தான்.

வெண்ணெய் 100 கிராம் உருகியதும் மைதா 100 கிராம் சேர்த்து இரண்டு நிமிடம் நிறம் மாறாமல் வறுத்தேன். பிறகு வெதுவெதுப்பான பால் 900 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கம்பி விஸ்க்கால் விடாமல் கலக்கினேன். முதல் இரண்டு கரண்டிப் பால் விட்டதும் மாவு கட்டியாகச் சுருண்டுகொண்டு பயமுறுத்தும். பயப்பட வேண்டாம், அடுத்த கரண்டி போவதற்குள் வழவழப்பாக அடித்துவிட்டால் சரியாகிவிடும். முழுப் பாலும் சேர்ந்தபின் ஒருமுறை குமிழி விட்டுக் கொதிக்க வேண்டும், மாவு முழுசாகக் கெட்டிப்படுவது அப்போதுதான். பாஸ்தாவுக்குச் செய்யும் வெள்ளை சாஸைவிட இது நன்றாகக் கெட்டியாக இருக்கும். கரண்டியிலிருந்து விழுந்த இடத்தில் மேடாக உட்கார வேண்டும், ஓடினால் இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் இருக்கட்டும். இறக்கிவைத்து உப்பு, துருவிய ஜாதிக்காய், கெஃபலோதிரி சீஸ் 100 கிராம். அது கிடைக்காவிட்டால் பார்மசான் போதும், இரண்டுமே உப்புக்கரிக்கும் கட்டிச் சீஸ்கள். கடைசியாக இரண்டு மஞ்சள் கரு. நேராகக் கொட்டினால் முட்டை வெந்து திரிதிரியாகிவிடும். கிண்ணத்தில் கருவை அடித்து, அதில் இரண்டு கரண்டி சூடான சாஸைக் கலந்து, பிறகு அதை வாணலியில் சேர்த்தேன்.

மிச்சமிருக்கும் வெள்ளைக் கருவைத் தூக்கிப் போட வேண்டாம். ஆறிய கொத்துக்கறியில் அதையும் இரண்டு கரண்டி சாஸையும் கலந்துவிட்டால் ஓவனில் இறுகி, உதிர்ந்துபோகும் கறியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிரேக்கச் சமையல்காரர்கள் பலர் செய்கிற வேலை இது. எல்லாச் செய்முறையிலும் இருப்பதில்லை, எனக்கு இதுதான் மிகவும் உதவியது என்று நினைக்கிறேன்.

அடுக்குவது ஐந்து நிமிட வேலை. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் காய்ந்த ரொட்டித் தூள் ஒரு கைப்பிடி, அதன்மேல் உருளைக்கிழங்கு, பாதிக் கத்தரிக்காய், கறி முழுவதும், மீதிக் கத்தரிக்காய், சாஸ். ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் லேசாக அழுத்தி, இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டேன். மேலே கொஞ்சம் சீஸ் தூவி, 180 டிகிரியில் 45 நிமிடம். காய், கறி எல்லாம் ஏற்கெனவே வெந்தவைதான். மேற்பரப்பு அங்கங்கே பழுப்புத் திட்டோடு உப்பி வந்தால் ஆயிற்று.

எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது இதற்குப் பிறகுதான். வெளியில் எடுத்த பாத்திரத்தை முக்கால் மணி நேரமாவது தொடாமல் வைக்க வேண்டும். வீடு முழுக்கப் பட்டையும் வெண்ணெயும் மணக்கிறது. தங்கை இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். "அக்கா, ஓரமா ஒரு துண்டு மட்டும் வெட்டேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். வெட்டினால் அந்த ஓரம் வழியாகத்தான் மொத்தமும் சரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சூடாக இருக்கும்போது சாஸ் இளக்கமாகத்தான் இருக்கும். ஆற ஆறத்தான் மாவும் முட்டையும் இறுகும், சாறும் காய்க்குள் திரும்பப் போய் அடங்கும். கிரேக்கத்தில் இதை ஆவி பறக்கச் சாப்பிட வேண்டும் என்று யாரும் அவசரப்படுவதில்லை, வெதுவெதுப்பாகச் சாப்பிடுவதே வழக்கம்.

கடைசியில் வெட்டினேன். சதுரமாக, ஓரங்கள் நேராக, அடுக்கு அடுக்காக நின்றது. தட்டில் ஈரம் என்று பார்த்தால் பட்டை நிறத்தில் எண்ணெய்ப் பசை ஒரு கோடு, அவ்வளவுதான். கத்தரிக்காய் வாயில் வைத்ததும் கரைந்தது, உருளைக்கிழங்கு கறியின் சாறில் ஊறிக் கிடந்தது. உப்பு மட்டும் எனக்கு ஒரு சிட்டிகை தூக்கல், கத்தரிக்காயிலும் சீஸிலும் ஏற்கெனவே இருப்பதால் சாஸில் கை அடக்கம் தேவை.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் தாங்கும். மறுநாள் ருசி இன்னும் கூடியிருந்தது. சூடாக்கும்போது அலுமினியத் தாளால் மூடி 160 டிகிரியில் அரை மணி வைத்தால் நடுப்பகுதிவரை சூடாகும். மைக்ரோவேவில் வைத்தால் சாஸ் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொன்று, சாஸ் பாத்திரச் சுவரில் ஒட்டி மொறுமொறுவென்று ஆகும் மூலைத் துண்டுகளுக்கு எங்கள் வீட்டில் பெரிய சண்டையே வந்துவிட்டது. யாருக்கு எது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்துக்கு நான்கு மூலைதான் இருக்கிறது.